துவைத்தால் போகும் மை

கடல் எங்கள் மரக்காணம் வீட்டுக்குள் வந்துபோய் மாதங்களாகியும் பெரியப்பாவின் காகிதங்கள் காயவில்லை. பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. என் சிறு வயதில் அவர் லீவுக்கு வரும்போது வரும் வாசனை.

மியூசியம் டைரக்டர், சிற்ப ஆய்வாளர், கவிஞர். மூன்று வேலைக்கும் ஒரே பேனா. எல்லாச் சட்டையிலும் கறை.

“அழியாத இங்க்கா பார்த்து வாங்கேன்,” என்பார்.

“எழுதறது நீங்க, துவைக்கிறது நானு. துவைச்சா போற இங்க்குதான் வாங்குவேன், போங்க!” என்பாள் பெரியம்மா.

ஆவணக் காப்பகத்தில் ஆயுசு முழுக்க நான் ஊருக்கு உபதேசித்த விதிமுறை இது: உப்பு ஏறிய காகிதம் காயாது, முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

வாளியில் நல்ல தண்ணீர் தயாராக இருக்கிறது. அலசாவிட்டால் காகிதம் மக்கிவிடும். அலசினால், பெரியம்மா பார்த்து வாங்கிய மை, சட்டையில் போனதுபோலவே சுத்தமாகப் போய்விடும்.