காம்ப்ளெக்ஸின் நடுக்கூடம்

1. மாடியில் புறா

நான் மேனேஜராகப் பொறுப்பேற்ற முதல் நாள் முதலாளி என்னை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டியது புறா எச்சத்தைத்தான். ஷட்டர் இறக்கிய கடைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் வாடகைக்கு ஆள் வரவில்லை.

"பாத்தியாய்யா? பேங்க்ல லோன் போட்டுக் கட்டினது. புறாவா வாடகை குடுக்கும்?" என்றார்.

அதற்கு முன் நான் அவருடைய பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். புடவையைப் பிரித்து மடியில் போட்டுப் பேசியே விற்கிறவன், கட்டடத்தையும் பேசியே நிரப்பிவிடுவான் என்பது அவர் கணக்கு. தொண்ணூறுகளில் ஆரணியில் காம்ப்ளெக்ஸ் என்பதே புதுச் சங்கதி. தெருவோடு போகிறவன் தெருக்கடையில் வாங்கிக்கொண்டு போவான், எதற்குப் படியேற வேண்டும்? கீழே இரண்டு பட்டுக்கடை, ஒரு பாத்திரக்கடை, ஒரு ஃபேன்சி ஸ்டோர் ஓடின. நடுவில் பெரிய சதுர முற்றம். அதில் நீரூற்று வைப்பேன் என்று முதலாளி தொட்டி கட்டியிருந்தார். தண்ணீர் வரவில்லை, குப்பை வந்தது.

கலர் பல்பு போட்டுப் பார்த்தோம். ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டோம். தீபாவளிக்குக் குலுக்கல் வைத்தோம். குலுக்கலில் ஜெயித்தவர் பரிசாக வந்த குக்கரை எங்கள் பாத்திரக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் காசு கேட்டார். நிலைமை அப்படி.

2. வேனில் வந்தவர்கள்

முகூர்த்தப் புடவை எடுக்க யாரும் தனியாக வருவதில்லை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும் சேர்ந்து வேன் பிடித்து வரும். அத்தையை விட்டுவிட்டு வந்தால் அத்தை கல்யாணத்துக்கு வர மாட்டாள். சித்தப்பாவை விட்டால் அவர் பந்தியில் வம்பு செய்வார். அதனால் எல்லாரும் வருவார்கள். ஆனால் கடைக்குள் உட்கார்ந்து புடவை பார்ப்பது ஐந்தாறு பெண்கள்தான். மற்றவர்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். அத்தனை வருஷம் கடைக்குள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மற்றவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரு நாள் கண்ணமங்கலத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் என்னிடம் தயங்கித் தயங்கி வந்து, "சார், பாத்ரூம் எங்க இருக்குது?" என்றாள்.

"இங்க இல்லம்மா."

அவள் போய் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் கடைக்குள் போய்ச் சொன்னார். பாதி பிரித்த புடவைகளை அப்படியே போட்டுவிட்டு மொத்தப் பேரும் வேன் ஏறிப் போய்விட்டார்கள். பாத்ரூம் இருக்கிற கடையாகத் தேடிப் போனதாகப் பிறகு தெரிந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலாளியிடம் போய், நீரூற்றுத் தொட்டியை மூடச் சொன்னேன். முற்றத்துக்குக் கூரை போட வேண்டும், பெஞ்சு, ஃபேன், குடிதண்ணீர், பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட நீள மேசை எல்லாம் வேண்டும் என்றேன்.

"நான் இன்னா சத்திரமா கட்டி வச்சிருக்கேன்?"

"சத்திரம்னா நெறையும் மொதலாளி. இது நெறையலியே."

முறைத்தார். ஆனால் செய்தார். பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போடச் சொன்னது நான். மனுஷன் முகத்தை மனுஷன் பார்த்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த முகூர்த்த சீசனிலேயே வேன்கள் எங்கள் வாசலில்தான் நின்றன. 'அங்க உக்கார எடம் இருக்குது' என்ற பேச்சு ஊர் ஊராகப் போயிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? படியேறினார்கள். மாடியில் வளையல் கடை வந்தது, கவரிங் கடை வந்தது, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் வந்தார். அன்றைக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பஷீர் பாய் வந்தார். புறாக்கள் போய்விட்டன.

வேன் வராத நாளிலும் கூடம் காலியாக இல்லை. சாயங்காலம் தறியை விட்டு எழுந்தவர்கள் காற்று வாங்க வந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பெண்கள் வந்தார்கள். கண் சிகிச்சை முகாம் நடந்தது. முன்பின் தெரியாத இரண்டு வேன்களில் வந்தவர்கள் புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் மாற்றிக்கொண்டு, பேச்சுவாக்கில் உறவுமுறை கண்டுபிடிப்பார்கள். ஊரையே ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். என் மனைவிக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

3. நலம் விசாரிப்பு

ஆவணி மாதம், நல்ல கூட்டம். பெண் தெள்ளார்ப் பக்கம், பெயர் தேன்மொழி. அப்பா, அம்மாவோடு மட்டும் வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கலசப்பாக்கம். அரக்கு நிறப் புடவை முடிவாகி, அதோடு வந்த ரவிக்கைத் துணியை வெட்டி, பஷீர் பாய் அளவும் எடுத்தாயிற்று. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து இலை போட்டார்கள்.

பெண்ணின் அம்மா ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறவராக இருந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான், "சம்பந்தி, இந்தாண்ட வந்து குந்துங்க" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். தன் டப்பாவிலிருந்து அவரே வடை எடுத்து வைத்தார்.

எதிர் பெஞ்சில் வேறொரு வேனில் வந்தவர்கள். அவர்களில் வயதான அம்மாள் ஒருவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து, பெண்ணின் அம்மா தோளைத் தொட்டார்.

"நீ அஞ்சலதான? எங்க கொல்லைக்குக் களை எடுக்க உங்கம்மாகூட வருவியே! காலனியிலேர்ந்து நாலஞ்சு பேரு பாடிகினே வருவீங்களே! எவ்ளோ வருசமாச்சு! நல்லா இருக்கியாடி?"

அந்த அம்மாள் மனதில் துளி விஷமம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தண்ணீர் டிரம் பக்கத்தில்தான் நின்றேன், அந்த முகத்தைப் பார்த்தேன். பழைய மனுஷியைக் கண்ட சந்தோஷம், அவ்வளவுதான்.

அஞ்சலை அம்மாள், "நான் இல்லை, வேற யாரோ" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நல்லா இருக்கேம்மா" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா இலையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்: "எந்தக் காலனி?"

வந்த அம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "இல்ல... நான் வேற யாரோன்னு..." என்று இழுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விவரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது: தேன்மொழியின் அப்பா காலனிக்காரர் இல்லை, ஊர்த்தெருக்காரர். சொந்தங்களை எதிர்த்து அஞ்சலையைக் கட்டிக்கொண்டு, ஊரை விட்டு வந்து தெள்ளாரில் குடியேறியவர். பெண் கேட்டு வந்தவர்கள் அவருடைய வகையறாவை மட்டும் விசாரித்தார்கள். அம்மா பிறந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. இவர்களாகவும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். சோப்பு கேட்டு வாங்கி, முழங்கைவரை கழுவினார். அவர் பின்னால் அவர்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், கை கழுவினார்கள். நான் கெஞ்சி வாங்கிப் போட்ட குழாயில் அந்தத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கூடத்தில் கேட்டது.

மாப்பிள்ளை குனிந்தே உட்கார்ந்திருந்தான். தேன்மொழி அத்தனை பேர் முன்னாலும் அவனிடம் போய், "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

அவன், "அம்மா..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. மாமா வந்து தோளில் கை வைத்ததும் எழுந்து போய்விட்டான்.

அவள் அப்பா வேன்வரை ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டார். வேன் போய்விட்டது. திரும்பி வந்து மனைவி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடம் நிறைய ஜனம். எதிரும் புதிருமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் அந்த மூன்று பேரையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாகக் கட்டுச்சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

விஷயம் தெரியாத பஷீர் பாய் டேப்போடு படியிறங்கி வந்தார். "அம்மாடி, கை நீளம் மட்டும் இன்னொரு தபா பாத்துடலாம்" என்றார்.

"வேணாம் பாய்" என்றாள் தேன்மொழி.

நான் போய், ஆட்டோ ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "வேணாங்க. கூட்டம் கொறையட்டும், எழுந்து போறோம்" என்றார் அஞ்சலை அம்மாள். கூட்டம் குறையவில்லை. முகூர்த்த சீசன். வேன் மேல் வேனாக வந்துகொண்டிருந்தது.

4. முதலாளியோடு சண்டை

"கல்யாணம் நின்ன எடம்" என்று கொஞ்ச நாள் பேச்சு அடிபட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கூட்டம் கூட்டம்னு குதிச்சியே, கூட்டம் இன்னா பண்ணுச்சு பாத்தியா? பேஜாரா பூட்ச்சு. ஜல்தியா பிளைவுட் வச்சுத் தடுத்துடு. வேனுக்கு ஒரு ரூம், ரூமுக்கு ஒரு கதவு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மூடி வச்சா சரியாப்பூடுமா மொதலாளி? நாலு பேரு ஒண்ணா உக்காந்து பழகினாத்தான் இந்தக் கருமாந்தரமெல்லாம் ஒழியும். இன்னிக்குக் கதவு போட்டா நாளைக்கு வாசல்ல நின்னு எந்தத் தெருன்னு கேட்டு உள்ள உடுவீங்க."

"ஒழிக்கறதுக்கு நீ இன்னா கட்சியா நடத்துற? கடை நடத்தறோம்யா."

சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் அதை என் பக்கமே தள்ளிவிட்டார். வேன் டிரைவர்களையெல்லாம் தெரிந்த ஆள் என்னைவிட்டால் அவருக்கும் இல்லை. கூடம் திறந்தபடியே இருந்தது. கூட்டமும் திரும்ப வந்தது. அந்தப் பெண்ணுக்காக நான் செய்த காரியம் என்று இதைப் பல வருஷம் மனதில் வைத்துப் பெருமைப்பட்டேன்.

5. இறங்காதவர்

செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். ஒரு காலை நேரம் காட்டன் புடவை கட்டிய ஒரு பெண் என் அறைக்கு வந்தாள்.

"தெள்ளார் தேன்மொழி சார். ஞாபகம் இருக்குதா?"

மறக்குமா? உட்காரச் சொன்னேன். வேலூரில் நர்ஸாக இருக்கிறாளாம். தம்பிக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். "இந்தத் தபா எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் செய்யறோம். பொண்ணு வீட்டுல சம்மதிச்சுட்டாங்க" என்றாள். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "எனக்கு அதுக்கப்பறம் அமையல சார்" என்றாள், பஸ் கிடைக்கவில்லை என்பதுபோல.

எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு மொதலாளி இந்தக் கூடத்தைத் தடுக்கச் சொன்னார்மா. வேலையே போனாலும் பரவால்லன்னு சண்ட போட்டேன். உங்களுக்காகத்தான் இத தெறந்து வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்காகவா? எங்கள யாரும் கேக்கலியே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. நர்ஸ் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"அம்மா வேன்ல உக்காந்துகினு இருக்காங்க. ஆரணிக்கே வர மாட்டேன்னாங்க. தம்பி அழுது கூட்டிகினு வந்தான். இந்தக் கூடத்தத் தாண்டித்தான் கடைக்குப் போவணும்னதும் எறங்க மாட்டேன்றாங்க. கதவு இருக்கற ரூம் ஏதாவது குடுங்க சார். புடவைய அங்க கொண்டாந்து காட்டினாக்கூடப் போதும்."

அவ்வளவு பெரிய காம்ப்ளெக்ஸில் ஜனங்கள் உட்காரக் கதவு போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. நான்தான் போடவிடவில்லை. இருந்தது என் அறை ஒன்று. அதைக் கொடுத்தேன். ஜெனரேட்டர் ஷெட் பக்கமாகப் பின்வழி இருந்தது. அந்த வழியாக அஞ்சலை அம்மாளை அழைத்து வந்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. என் மேசையை நகர்த்தி, பாய் விரித்து, சேல்ஸ்மேன்களைப் புடவைக் கட்டுகளோடு வரச் சொன்னேன்.

நான் வெளியே போகும்போது அவர் கேட்டார்: "உள்ள தாப்பா போடலாங்களா?"

தாழ்ப்பாள் உடைந்து வெகு காலமாகியிருந்தது. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. "நான் வெளியில நிக்கறேம்மா, யாரும் வர மாட்டாங்க" என்று கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் யாரோ யாருக்கோ சோறு பரிமாறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர், "மேனேஜர் சார், வாங்க சாப்புடலாம்" என்று கூப்பிட்டார். நான் கதவை விட்டு வர முடியாது என்று தலையாட்டினேன். அவர்கள் புடவை எடுத்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன். இவ்வளவு வருஷம் அந்தக் கூடத்தைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு, கூடத்தின் ஓரத்தில் இரண்டு அறை தடுத்தேன். தனி வழி, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். முதலாளி சிரித்தார். சிரிக்கட்டும். அவர் கேட்ட கதவு வேறு, இது வேறு.

பொது இடம் நடத்த வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊரைக் கூட்டினால் ஊர் அப்படியேதான் வந்து உட்காரும், அதன் தெருக்களோடும் வேலிகளோடும். ஃபேன் காற்றில் அது மாறிவிடும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது நான் அல்ல.

அஞ்சலை அம்மாள் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த அறைகளை வேறு யார் யாரோ கேட்டு வருவார்கள். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத குடும்பங்கள். சாவியைக் கொடுத்துவிடுவேன். ஏன் கதவு கேட்கிறீர்கள் என்று, ரிட்டையர் ஆகும்வரை நான் ஒருவரையும் கேட்டதில்லை.