லூஸ் விட்டு எடுத்த அளவு

வத்திராயிருப்பில் தையல் கடை வைத்திருப்பவள் நான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் நாத்தனாருக்கு வீட்டிலேயே பிரசவமாகிவிட்டது. எடை பார்க்கத் தராசு இல்லை.

"நெஞ்சுச் சுத்தளவு எம்புட்டுன்னு சொல்லுங்கக்கா, எடையைக் கணிச்சிரலாம். கம்மின்னா உடனே தாய் நெஞ்சோட அணைச்சு வைக்கணும்" என்றார் போனில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்.

ஜாக்கெட்டுக்கு எடுக்கிற பழக்கத்தில் டேப்புக்குள் இரண்டு விரல் நுழைய லூஸ் விட்டு, முப்பது சென்டிமீட்டர் என்றேன். "அப்ப பயமில்லை" என்றார். பிள்ளையைத் துணியில் சுற்றித் தனியே படுக்க வைத்தேன்.

"மதினி, பிள்ளைக்குக் கால் சில்லுன்னு இருக்கு" என்றாள் நாத்தனார்.

"அளவெடுக்க எனக்குத் தெரியாதா? சும்மா இரு" என்று அடக்கினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது இரண்டு கிலோகூட இல்லை. பல நாள் சிகிச்சைக்குப் பின்தான் பிள்ளை பிழைத்தான். நான் விட்ட லூஸ்தான் அளவைக் கூட்டிக் காட்டியிருந்தது; நாத்தனார் சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. அதுதான் என்னைக் கூச வைக்கிறது.

இப்போதெல்லாம் பெற்றவள் ஏதாவது சொன்னால், கைவேலையைப் போட்டுவிட்டு முதலில் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறேன்.