கழிப்பறை டோக்கனும் கல்யாண மண்டப வகுப்பும்

தொழிற்சங்கத்தில் வகுப்பெடுக்க வருகிறவர்கள் சட்டப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் ஒரு பஞ்சாங்கம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தஞ்சாவூரை ஒட்டி பைபாஸ் ஓரத்தில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வகுப்பெடுக்கிறேன். இடம், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். முகூர்த்தம் இருந்தால் வகுப்பு இல்லை. ஆடியும் மார்கழியும் எங்களுக்கு யோகமான மாதங்கள். தை பிறந்துவிட்டால் தொழிலாளர் கல்வி அம்போதான்.

நானும் திருப்பூரில் பல வருஷம் மிஷின் மிதித்தவள். ஊர் திரும்பியதும் சங்கத்தில் என்னை டீச்சராக்கிவிட்டார்கள். கண் முன்னால் தூங்கி விழுகிறவர்களுக்கு உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர்களே, சாக்பீஸ் தூள் விழுந்த டீயைக் குடித்தவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

எத்தனை பெர்சன்ட் வட்டி?

முதல் வகுப்புக்குக் கூட்டம் அலைமோதியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்ட நாற்காலி போதாமல் மண்டபத்து வாட்ச்மேனைக் கெஞ்சி இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டேன். சங்கம் என்றால் என்ன, அதில் ஏன் சேர வேண்டும் என்று தொண்டை வறளப் பேசினேன். அத்தனை பேரும் கண் கொட்டாமல் கேட்டார்கள். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றதும் சடசடவென்று கைகள் உயர்ந்தன. எல்லாக் கைக்கும் ஒரே சந்தேகம்தான். வட்டி எத்தனை பெர்சன்ட், தவணை வாரத்துக்கா மாசத்துக்கா?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சங்கம் என்றால் மகளிர் குழு, குழு என்றால் கடன். இது வேறு சங்கம், வேலை செய்கிற இடத்தில் நம் உரிமையைக் கேட்பதற்கான சங்கம், இங்கே கடன் கிடையாது என்று விளக்கினேன். பாதிக் கூட்டம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. மிச்சம் இருந்தவர்களில் மல்லிகா என்று ஒருத்தி. சட்டைக்குப் பட்டன் வைக்கிறவள், மனசில் தோன்றியதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவள். காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "லோன் தராத சங்கத்துக்கு எதுக்குக்கா இத்தனை சேரு?"

குடிக்காத டீ

மிச்சம் இருந்தவர்கள் தொடர்ந்து வந்தார்கள். ஆனால் நான் வாங்கி வைக்கிற டீயை மட்டும் யாரும் தொடுவதில்லை. தண்ணீர் கொடுத்தாலும் உதட்டை நனைத்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். டீ நன்றாக இல்லையோ என்று கடையை மாற்றினேன். புதுக்கடை டீயும் ஆறிப்போனது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தையல் ஹாலில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். கயிறு கோத்த பிளாஸ்டிக் அட்டை. சூப்பர்வைசர் மேஜையிலிருந்து அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். இதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகி, ஞாயிற்றுக்கிழமையிலும் அதே பழக்கமாகிவிட்டது.

இதை எனக்குச் சொன்னவள் செல்வி. மல்லிகாவின் லைனில் காலர் தைப்பவள், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்து கம்பெனி வண்டியில் வருபவள். வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் பார்க்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் அவருக்கு வேலை, ஆகவே வீடு ஓடுவது செல்வியின் சம்பளத்தில். நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலாகி ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கிறாள். இன்னொரு தடவை லீவு போட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. செல்வியோ சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டாக்டர் தண்ணி குடிங்கிறாரு, சூப்பர்வைசர் டோக்கன் இல்லங்கிறாரு. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கக்கா."

மேனேஜர் வேஷம்

அந்த டோக்கனை ஒழிப்பது என்று வகுப்பு முடிவெடுத்தது. கேட்டுப் பழக வேண்டுமே, அதற்காக ஒரு நாடகம் வைத்தேன். மல்லிகா மேனேஜர், செல்வி தொழிலாளி. மேனேஜரிடம் போய் டோக்கன் வேண்டாம் என்று செல்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான் கதை.

மல்லிகா என் கைப்பையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டாள், என் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டாள், யாருக்கோ போன் பேசுவதுபோல் செல்வியை ரொம்ப நேரம் நிற்க வைத்தாள். செல்வி வாயைத் திறந்ததும், "இதையெல்லாம் எல்லார் முன்னாடியும் பேசக்கூடாது, தனியா ரூமுக்கு வாம்மா" என்றாள். செல்வி "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் "சரிங்க சார்." ஆளை மாற்றிப் போட்டாலும் அதே கதைதான், எல்லோரும் சரிங்க சார்களாகத் திரும்பினார்கள். வகுப்பு முடிந்த பிறகும் மல்லிகா கண்ணாடியைக் கழற்றவில்லை. "எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குக்கா. அடுத்த வாரமும் நானே மேனேஜரா இருக்கேன்."

கூட்டுப் பட்டா

தனியாகப் போனால் சரிங்க சார் ஆகிவிடுகிறோம், அதனால்தான் சேர்ந்து பேசச் சட்டத்தில் ஓர் உரிமை இருக்கிறது என்று சொல்லி, கரும்பலகையில் 'கூட்டுப் பேர உரிமை' என்று பெரிதாக எழுதினேன். பேரம் என்ற சொல் அங்கே யார் கண்ணிலும் படவில்லை, பட்டாவில் இருக்கிற பேர்தான் பட்டது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, தன் வீட்டுக்காரர், கொழுந்தனார் எல்லோர் பேரும் ஒரே பட்டாவில் இருப்பதாகவும், கொழுந்தனார் பிரித்துக்கொடுக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்வதாகவும் சொன்னாள். கூட்டுப் பேரில் இருக்கிற நிலத்துக்கு உரிமை வாங்கச் சங்கம் ஏதாவது செய்யுமா என்றாள். உடனே மற்றவர்களும் அவரவர் பட்டாவை அவிழ்த்துவிட்டார்கள். அன்றைய வகுப்பு தாலுகா ஆபீசாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தாலும் அதில் ஒரு வழியும் தெரிந்தது. இவர்களில் பலர் நடவு மிஷின் வரும்வரை வயலில் இறங்கியவர்கள். நானும் சின்ன வயதில் நட்டிருக்கிறேன். எழுதியதை அழித்துவிட்டுக் கேட்டேன்: "நடவுல ஒருத்தி மட்டும் கரையேறினா என்ன ஆகும்?" வேலையை நிறுத்திச் சேற்றிலிருந்து வரப்புக்கு ஏறுவதைத்தான் எங்கள் பக்கம் கரையேறுவது என்போம். "திட்டு விழும், நாளைக்கு வராதேம்பாங்க" என்றார்கள். "எல்லாரும் கரையேறினா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. மல்லிகாதான் சத்தமாகச் சொன்னாள்: "நாம எல்லாரும் ஏறிட்டா மிராசு எறங்கி வரணும்."

யாருக்குக் கல்யாணம்?

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. கேன்டீனில், வண்டியில், மிஷினுக்கு மிஷின் "எப்பக்கா கரையேறுறோம்?" என்று ஒரே பேச்சு. நாங்கள் முறைப்படி சங்கத்தின் சார்பில் கம்பெனியைப் பேச்சுக்குக் கூப்பிட்டோம். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி கூப்பிட்டோம். அதே பார்க்கலாம்.

கம்பெனியில் புதிதாக ஒரு எச்.ஆர். சார் சேர்ந்திருந்தார். படித்து வளர்ந்ததெல்லாம் சென்னையில், வயலில் கால் வைத்திராதவர். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்யாண மண்டபத்துக்குப் போகிறார்கள், கரையேறணும் கரையேறணும் என்கிறார்கள் என்று அவர் காதுக்குத் தகவல் போயிருக்கிறது. பெண்ணைக் கரையேற்றுவது என்றால் கட்டிக்கொடுப்பதுதானே? பாவம், மனுஷர் உருகிவிட்டார். கம்பெனி செலவில் ஆளுக்கொரு பட்டுப்புடவை தர ஏற்பாடு செய்யலாம் என்று மல்லிகாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவள் அடுத்த வகுப்பில் வந்து அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்: "'நீயும் கரையேறப் போறியாம்மா, மாப்பிள்ளை எந்த ஊரு'ன்னு கேக்குறாருக்கா. என் பெரிய பையன் பத்தாவது படிக்கிறான்."

டார்கெட் முடியட்டும்

எல்லோரும் சேர்ந்து எழுவது என்று முடிவாகிவிட்டது. எந்த நாள் என்று மட்டும் முடிவு செய்யவில்லை. அதைச் செல்வியின் அடிவயிறு முடிவு செய்தது. கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய வாரம், டார்கெட்டை ஏற்றியிருந்தார்கள். செல்வி டோக்கன் கேட்டாள். வேறொருத்தி கொண்டுபோயிருக்கிறாள், பொறு என்றார் சூப்பர்வைசர். அவள் திரும்பி வந்த பிறகும் செல்வி கேட்டாள். டார்கெட் முடியட்டும் என்றார். அதற்குள் வலி ஆரம்பித்து உடம்பு நடுங்கத் தொடங்கியிருக்கிறது. இது காய்ச்சலில் போய் முடியும், காய்ச்சல் லீவில் போய் முடியும், லீவு எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். மிஷினை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள். "கரையேறலாமா?" என்று கேட்டிருக்கிறாள், சத்தமாகக்கூட இல்லை. முதலில் அவள் லைன் நின்றது, அப்புறம் பக்கத்து லைன், அப்புறம் ஹால் முழுக்க. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று மல்லிகா சொன்னாள்.

எச்.ஆர். சார் ஓடி வந்தார். ஒவ்வொருவராக ரூமுக்கு வரச் சொன்னார். அந்த வசனத்தை மல்லிகா முன்பே பேசிக் காட்டியிருந்ததால் யாரும் அசையவில்லை. செல்வி பேசினாள். "எல்லாரும் ஒண்ணாத்தான் சார் பேசுவோம். எங்களுக்கு டோக்கன் வேணாம். தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போவணும், வேற ஒண்ணும் இல்ல." இந்தத் தடவை சரிங்க சார் வரவில்லை. மேலிடத்துக்கு போன் போனது, பதில் வரும்வரை எல்லோரும் நின்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லா லைன் டோக்கனும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, நின்றதற்காக யார்மேலும் நடவடிக்கை இல்லை என்றும் சொல்ல வைத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் கும்பகோணம் பஸ்ஸில் இருந்தேன். அத்தனை பேர் நடுவில் விசும்பி விசும்பி அழுதேன், சந்தோஷத்தில்தான். பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று சாயங்காலம் வண்டி ஏறப்போன பெண்களிடம் எச்.ஆர். சார் மனசு ஆறாமல் கேட்டாராம்: "இதுக்கா கரையேறணும்னீங்க? மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமேம்மா!"

வாசலில் நின்றவர்

செல்வி இப்போது வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறாள், வேலையிலும் இருக்கிறாள். வகுப்பில் டீ பத்தவில்லை என்று புகார் வருகிறது, அதை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மண்டபத்து வாசலில் ஒரு ஆள் ரொம்ப நேரமாக நின்றார். கல்யாணத்துக்கு நாள் கேட்க வந்தவர் என்று நினைத்தேன். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துப் பேச்சை நிறுத்தியதும்தான் யாரென்று தெரிந்தது. செல்வியிடம் டார்கெட் முடியட்டும் என்றாரே, அதே சூப்பர்வைசர். வேவு பார்க்க வந்தீர்களா என்று நான் கேட்கவே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். லைனை விட்டு நகரக்கூடாது என்று அவருக்கு உத்தரவாம், சிறுநீரகத்தில் கல் வந்து போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். செல்விதான் எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அவங்களுக்காவது ஒரு டோக்கன் இருந்துச்சு மேடம். எனக்கு அதுவும் இல்லைங்க."

யாரை எதிர்த்துப் பேசச் சொல்லிக்கொடுக்கிறோமோ அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார், அவருக்கும் சேர்த்து டீ வாங்க வேண்டியிருக்கிறது, இதுதான் எங்கள் தொழில்.