ஒப்பாரியைப் பிடித்த பெட்டி

எங்கள் சொந்தத்துப் பெண்களிலேயே முதன்முதலில் டேப் ரெக்கார்டரை இயக்கத் தெரிந்துகொண்டவள் நான்தான். இந்தப் பெருமையை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் கெடார். அம்மா பிறந்த ஊர் பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம். அங்கே தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தந்தி போனதும், என் தாய்மாமா துபாயிலிருந்து ஒன்றரை மாத லீவில் வந்து இறங்கினார். கூடவே சென்ட்டு பாட்டில், டார்ச் லைட்டு, இந்தப் பெட்டி. தாத்தாவைப் பார்க்க வந்தவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மாமா எல்லோரையும் பேசச் சொல்லிப் பிடித்தார். எருமை கத்தியதையும் கிணற்றில் மோட்டார் ஓடியதையும்கூட விடவில்லை. துபாயில் ராத்திரியானால் ஏசி ஓடுகிற சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழாது, இதைக் கேட்டுக்கொண்டு தூங்குவேன் என்றார். இந்தக் கிறுக்குக்கா அவ்வளவு தூரம் போய்ச் சம்பாதிக்கிறார் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தாத்தா போய்விட்டார். மாமா ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். மொட்டை அடிக்க ஆளை உட்காரவைத்துவிட்டு, என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார். பெட்டியை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"உங்கம்மா அழ ஆரம்பிச்ச ஒடனே இந்த ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கு. எங்கப்பாவுக்கு எங்கக்கா அழுத அழுகைய நான் எடுத்துக்கினு போவணும்."

அவர் கண் சிவந்திருந்தது. அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

எங்கள் பக்கம் ஒப்பாரிக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. சாவு வீட்டில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும்போது, செத்தவரை முன்னால் வைத்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மாமியாரை வையலாம், புருஷனை வையலாம், தன்னை அந்த வீட்டில் கொடுத்த அப்பனையே வையலாம். வையப்படுகிறவர்கள் பக்கத்திலேயே நின்றாலும் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். பிணம் எடுத்து, தலைமுழுகினால் அதோடு சரி. மறுநாள் அதை எடுத்துப் பேசுகிறவரை ஊரே காறித் துப்பும். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பெண்கள் அந்த ஒரு நாள்தான் திறந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பெட்டிக்கும் தெரியாது.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் துண்டை வைத்துக்கொண்டு, இரண்டு பட்டனையும் அமுக்கினேன். வெளியே மேளம் அடித்தது, அம்மா என்ன பாடினாள் என்று ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. என் கவனமெல்லாம் உள்ளே சக்கரம் சுற்றுகிறதா என்பதில்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்து, புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். வீட்டுச் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில்தான். சாப்பாடு முடிந்து ஆம்பிளைகள் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, பெட்டியை வையேன் கேட்கலாம் என்றார். மாமா பின்னால் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். விடுவேனா நான்? ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்து நடுப்பந்தலில் வைத்தேன்.

முதலில் மேளம். பிறகு பெண்களின் கூச்சல். அது எங்க ஊட்டுக்காரி, இது உன் ஊட்டுக்காரி என்று ஆம்பிளைகள் அடையாளம் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அம்மாவின் குரல் தனியாக, கணீரென்று வந்தது.

"பட்டுடுத்திப் பூமுடிச்சுப் பல்லக்குல அனுப்பினியே
கேப்பங்களி உருண்டைக்கும் நான் கெஞ்சிக்கினு நின்னேனே
சாவிக்கொத்து நாத்தனாரு சாடையில பேசறப்ப
கட்டினவன் காதுக்கது கேக்கலியே எங்கப்பா..."

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை எழுந்துவிட்டார்.

"சாவுல அழுதத சபையில வச்சிக் கேக்கறது எந்த ஊரு வழக்கம்? நிறுத்துடி அத."

அம்மா இவ்வளவு அழகாகப் பாடியதில் அத்தைக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அப்படிச் செய்த என் விரலை இப்போது நினைத்தாலும் ஒடித்துப்போடலாம் போலிருக்கிறது.

"கெணத்துமேட்டு ஓரத்துல கீழ பாத்து நின்னேனே
கைக்கொழந்த சிரிச்சுதுன்னு காலு திரும்பி வந்தேனே..."

பந்தலில் வெற்றிலை மெல்லுகிற வாய்கூட அசையவில்லை. அப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"அத திருப்பிப் போடு" என்றார் என்னிடம்.

அப்பா என்னிடம் ஒரு வேலை சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. சரியாக அந்த இடத்துக்கே ஓட்டிப் போட்டேன். மறுபடி போடச் சொன்னார், மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை ஓடும்போதுதான் அம்மா ரசவாளியோடு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் வாய் மூடியிருந்தது. அவள் குரல் பந்தலில் அழுதுகொண்டிருந்தது. அதற்குமுன் யாரும் யாரையும் அப்படிப் பார்த்திருக்க முடியாது. பாடியதில் பாதி அவளுக்கே நினைவில்லை என்று பிற்பாடு மாமா சொன்னார்.

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அது நான் இல்ல" என்றாள்.

"நீதாம்மா" என்றேன் நான். "நானே புடிச்சேன்."

பாராட்டு வரும் என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. வாளி அவள் கையிலிருந்து நழுவிப் படியெல்லாம் ரசம் ஓடியது. மாமா ஓடிவந்து பெட்டியை நிறுத்தினார். அப்பா எழுந்துவந்து, கேசட்டைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமா வேறு கேசட்டில் இருந்த எருமைச் சத்தத்தையும் மோட்டார் சத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு துபாய் போனார். அந்த அழுகை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா, அழைத்துப் போவதா என்று உள்ளே ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. நான் பயந்துபோய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அப்பா எழுந்து, பஸ்சுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொன்னார். அழைத்துத்தான் வந்தார். அத்தை அதற்கப்புறம் அம்மாவிடம் நேராகப் பேச ஒரு வருஷமாயிற்று. உப்பு இருக்குதான்னு உங்கம்மாள கேளு என்பார், அம்மா இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

விஷயம் நாலு ஊருக்கும் பரவிவிட்டது. அப்புறம் எங்கள் பக்கம் சாவு விழுந்தால், பெண்கள் குரலெடுக்குமுன் யார் மடியில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். துண்டோடு குழந்தைகள் உட்கார்ந்தால் எழுப்பி விரட்டினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்தது. செத்தவர் பெருமையை மட்டும் பாடுகிற ஒப்பாரிதான் மிஞ்சியது. அம்மா அதையும் பாடவில்லை. தன் தங்கை செத்தபோது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் ஊர் திரும்பிய பத்தாம் நாள் அப்பா விழுப்புரத்திலிருந்து இரண்டு கொத்தனார்களைக் கூட்டிவந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற சமயம், கொல்லையில் வேலை தலைக்குமேல் கிடந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரே இல்லாத எங்கள் தரைக்கிணற்றைச் சுற்றி என் தலை உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னார். படி இறங்குகிற இடத்தில் ஒரு கதவு, அதற்குப் பூட்டு. வெயிலில் நின்று செங்கல்லைத் தானே எடுத்துக் கொடுத்தார். அம்மாவிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் நிற்பாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கோடையில்தான் எனக்கு நீச்சல் கற்றுத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். ஊரில் எந்தக் கிணற்றுக்கும் இல்லாத சுவர் நமக்கு மட்டும் எதற்கு என்று அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"கொழந்த இருக்கிற ஊடு, அதான்" என்றாள்.

நம்ம வீட்டில் ஏது குழந்தை, நான் ஒருத்திதானே இருக்கிறேன், எனக்குத்தான் ஒன்பது வயது ஆகிவிட்டதே என்று விடாமல் கேட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சிரிப்பு மூட்டியது, சிரித்துவிட்டேன். அவள் ஏன் அப்படி என்னைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு அழுதாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.