மூக்கு மழுங்கிய மரங்கொத்தி

பதினாறு வருஷமாக என் வயிற்றில் கிடந்து புகைந்த விஷயம் இது. எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும், ஒவ்வொரு ஸ்டூலின் அடியிலும், நான் செய்த ஒரு தப்பு சூடு வைத்துப் பதிக்கப்பட்டிருந்தது. பதித்தவர் வேறு யாரும் இல்லை, என் அக்கா புருஷன்.

மாமா என்று கூப்பிடுவேனே தவிர, என்னைவிட நாலே வயதுதான் மூத்தவர். அக்காவைக் கட்டுவதற்கு முன்பே நாங்கள் இருவரும் ஒரே மரச்சாமான் கம்பெனியில் இழைப்புளி தள்ளியவர்கள். ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. யார் வீட்டில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நாற்காலியைக் கவிழ்த்து, கால் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அக்காவைப் பேசி முடிக்க வந்த அன்றும் அதைத்தான் செய்தார். "மாப்பிள்ளை பொண்ணைப் பார்க்க வந்தாரா, நாற்காலியைப் பார்க்க வந்தாரா?" என்று எங்கள் அப்பா கேட்டார். மாமா அசரவில்லை. "பொண்ணுக்கு ஒண்ணும் குறையில்ல. நாற்காலிக்குத்தான் பின்கால் ஆடுது" என்றார். அடுத்த வாரமே வந்து அந்தக் காலைச் சரி செய்துகொடுத்தார்.

ஊருக்கெல்லாம் நாற்காலி செய்தவர், பிறகு நாங்கள் சேர்ந்து போட்ட பட்டறையில் தனக்கென்று ஒன்று செய்துகொள்ளவில்லை. கவிழ்த்துப்போட்ட ஆணிப்பெட்டிதான் அவர் ஆசனம்.

ஒரு நாள், நாங்கள் சரக்குக் கொடுக்கும் நாற்காலிக் கடைக்காரர் உடைந்த ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க வேலைதான், பாருங்க" என்றார். மாமா அரை நாள் செலவழித்துப் பிரித்தார். உள்ளே பார்த்தால் இணைப்பு முழுக்க ஆணி. நாங்கள் இணைப்பில் ஆணி அடிக்கிறவர்கள் இல்லை.

"நாம செஞ்சது திரும்பி வந்தா நாம பார்த்துக் குடுக்கணும், மாப்ள. கண்டவன் செஞ்சதுக்கெல்லாம் நாம எதுக்கு மாரடிக்கணும்? ஒரு முத்திரை வெச்சுக்குவோம்" என்றார்.

சீல் வெட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று விதமான சூட்டுக்கோல்களை எடுத்துப் போட்டார். கரண்டில் சூடாவது ஒன்று. "ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் நான் நடக்கணுமா?" என்று மாமா அதைத் தள்ளிவிட்டார். இரும்புத் தலை வைத்தது ஒன்று, விலை குறைவு. ஆனால் சூடு ஒரே சீராகப் பரவாது, ஒரு ஓரம் கருகும், இன்னொரு ஓரம் பதியவே பதியாது. மூன்றாவது பித்தளைத் தலை. அதையே எடுத்தோம். காசு அகலம், முழ நீளக் கம்பி, மரப்பிடி.

எங்கள் இருவர் பேரின் முதல் எழுத்தையும் வெட்டச் சொன்னேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "யார் எழுத்து முன்னாடி வர்றதுன்னு உங்க அக்கா பஞ்சாயத்து வெப்பா. மரங்கொத்தி போடச் சொல்லு" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கடைக்காரர் வெட்டிக் கொடுத்த பறவை அழகாகத்தான் இருந்தது. நீளமான, ஊசி மாதிரி அலகு.

வீட்டில் காட்டினோம். "ரெண்டு பேரும் சேர்ந்து யாருக்குச் சூடு வைக்கப் போறீங்க?" என்றாள் அக்கா.

மறுநாள் மாமா ஒரு கட்டிலைக் கொடுக்கப் போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கோலை அடுப்பில் காய்ச்சி, பளபளவென்று தயாராக நின்ற ஒரு ஸ்டூலின் அடியில் வைத்து அழுத்தினேன். புகை கண்ணைக் கரித்தது. எடுத்துப் பார்த்தால் அலகைச் சுற்றி ஒரே கரித் தீற்றல். சீல்காரர் அலகைத் தடிமனாக வெட்டிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். சின்ன அரத்தை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தேன். பித்தளை இவ்வளவு இளகியது என்று யாருக்குத் தெரியும்? பாதி அலகு போய்விட்டது.

மாமா வந்து ஸ்டூலை முகர்ந்து பார்த்தார்.

"பாலிஷ் போட்ட மரத்துலயா வெச்சே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொதித்துப் பரவியது பாலிஷ். அலகின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பாலிஷ் படாத துண்டு மரம் ஒன்றை எடுத்தார். கோலைக் காய்ச்சி வைத்து, மூன்று எண்ணி எடுத்தார். தேன் நிறத்தில், கோடு கோடாகப் பறவை விழுந்தது. அலகு மட்டும் மொக்கை.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். புதிதாக வெட்டலாம் என்றேன். "இருக்கட்டும்டா." வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் அதே "இருக்கட்டும்டா"தான். நாற்காலிக் கடைக்காரர் ஒரு தடவை, "என்னங்க, உங்க பறவை எங்கேயாவது முட்டிக்கிச்சா?" என்று சிரித்தார். "நம்ம மரம் கெட்டி. கொத்திக் கொத்தித் தேஞ்சுபோச்சு" என்று மாமாவும் கூடச் சிரித்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போன வருஷம் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மரத்தூள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா வீட்டோடு இருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் சீல் கடைக்குப் போய், முழு அலகோடு புதிய கோல் ஒன்று வெட்டி வாங்கினேன். வாங்கினேனே தவிர, மேசை இழுப்பறையில் துணி சுற்றி வைத்தது வைத்தபடி கிடந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் வைக்க மனசு வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

பிறகு அவரால் படுக்கவே முடியாமல் போனது. படுத்தால் மூச்சு அடைக்கும், உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். ஒன்பது நாள் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, உயரமான முதுகும் அகலக் கையும் வைத்து ஒரு நாற்காலி செய்தேன். மூன்று கை பாலிஷ் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கவுத்துப் போடு."

"இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரு" என்றாள் அக்கா.

கவிழ்த்துப் போட்டேன். நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். அடிப்பலகையைத் தடவினார்.

"முத்திரை எங்கடா?"

சொல்லிவிட்டேன். "புதுசு ஒண்ணு வெட்டியிருக்கேன், மாமா. மூக்கு முழுசா இருக்கு. இனிமேலாவது அதை வைப்போமே. நான் பண்ணின தப்பை ஊரெல்லாம் பார்த்தது போதும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. அக்கா முதுகைத் தடவிவிட்டாள்.

"பறவையை வெட்டினது சீல்காரன். மூக்கை வெட்டினது நீ. அதுல உன் எழுத்து வேணும்னு கேட்டியே, அதுதான்டா உன் எழுத்து. அப்படி நெனச்சுத்தான் நான் வெச்சிட்டிருந்தேன்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ எங்க கேட்டே? மாத்துங்க மாத்துங்கன்னுதானே கத்தினே."

நாற்காலியை நிமிர்த்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பழைய கோலை எடுத்து வரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்து அக்காவின் அடுப்பில் காய்ச்சினேன். பித்தளை காய்ந்த வாசனை கூடத்துக்கு வந்தது. அடிப்பலகைமேல் வைக்கக் கோலைக் கொண்டுபோனேன்.

மூச்சைக் கூட்டிக்கொண்டு மாமா என்னைச் செய்யச் சொன்ன கடைசி வேலை இதுதான்:

"இருடா, அடியிலயும் பாலிஷ் போட்டு வெச்சிருக்கே. சுரண்டிட்டு வை."