எங்கள் வட்டாரத்தின் கடைசித் தேர்தல்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரில், அம்மருட் பள்ளிக்கூட மண்டபத்தில், நகரசபைத் தேர்தலுக்காக அம்மாவுடன் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த பெண் ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே எங்கள் வட்டாரத்தில் முந்தின இரண்டு முறையும் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரே போட்டியில்லாமல் நகரசபைக்குப் போனவர். மூன்றாம் முறை ஐயா, என் அப்பா, அவரை எதிர்த்து நின்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு முழுவதும் சுவரொட்டிக்குக் காய்ச்சிய கோதுமைமாப் பசையின் மணம். நகக்கண்ணில் காய்ந்த பசையோடுதான் ஐயா சோறு சாப்பிடுவார்.

தேர்தலுக்கு முதல் வாரம் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. சபைக்குப் போகிறவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று எழுதியிருந்தது. ஐயா சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

ஐயா தோற்றார். இரண்டு மாதத்தில் மருந்துக்கடைக்காரரைக் கடைவாசலில் வைத்துச் சுட்டார்கள். பிறகு அங்கே தேர்தலே நடக்கவில்லை. எல்லை மாற்றியபோது வட்டாரமும் இல்லாமல் போனது.

மருந்துக்கடைக்காரரின் செத்தவீட்டால் வந்து கிணற்றடியில் நின்றபோது அம்மா ஐயாவிடம் சொன்னார்: "நான் அவருக்குத்தான் போட்டனான். அந்தக் கடிதத்தாலைதான்."

ஐயா வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் துவாயோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை.

அம்மருட் மண்டபத்தில் வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஆருக்கம்மா போட்டனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை," என்றார் அம்மா. "பேரில்லாத வெறும் சீட்டும் இங்கை வைச்சிருக்கினம். ஒவ்வொருமுறையும் அதைத்தான் போடுறனான்."