என் கடை வாசலில் ஒரு துவக்கு

லுசேர்ண் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எட்டு மேசை போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். திறந்த முதல் மாதம், ஒரு மதியம், சீருடையில் இரண்டு சிப்பாய்கள் தோளில் துவக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். இந்த நாட்டில் அது புதினமில்லை. பயிற்சி முடிந்து துவக்கோடு வீட்டுக்குப் போகிறவர்களை ரயிலில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கை சொல் கேட்கவில்லை. முதலே வந்து காத்திருந்த வயதான தம்பதியின் கொத்துரொட்டியைக் கொண்டுபோய்ச் சிப்பாய்களுக்கு முன்னால் வைத்துவிட்டேன். வன்னியில் எங்கள் வீட்டுக்குத் துவக்கோடு யார் வந்தாலும், எந்தப் பக்கத்து ஆட்களானாலும், முதலில் அவர்களுக்குத்தான் சோறு. அவர்கள் கேட்டு வருவதுமில்லை, நாங்கள் மறுப்பதுமில்லை.

அந்தப் பெரியவர்கள்தானே முதலில் வந்தவர்கள் என்று சொல்லி, ஒரு சிப்பாய் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்தான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாளே பொலிஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். கடை உங்களுடையது, துவக்கோடு வருபவரை உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம் என்றார் அங்கிருந்த பெண். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது. அன்றைக்கே கதவில் எழுதி ஒட்டினேன்: ஆயுதத்தோடு உள்ளே வர வேண்டாம், சிப்பாய்களும்தான். சிலர் வாசித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

பிறகு என் மகள் தானாகக் கேட்டு இராணுவத்தில் சேர்ந்தாள். இங்கே பெண்களுக்கு அது கட்டாயமில்லை. பயிற்சி முடிந்து அவள் வருகிற வெள்ளிக்கிழமை, ஆட்டிறைச்சிக் கறி வைத்து, சொந்தக்காரர்களையெல்லாம் கடைக்குக் கூப்பிட்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள், தோளில் துவக்கு. அதை வெளியே விட்டுவிட்டு வரவும் அவளுக்கு அனுமதியில்லை.

"இண்டைக்கு மட்டும் விடுமப்பா, எங்கட பிள்ளைதானே," என்றார் என் கணவர்.

அவளை விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருவரைத் தடுப்பேன்? விடாவிட்டால், அவளுக்காகக் கூடிய விருந்தில் அவளையே வாசலில் நிறுத்திய தாய் ஆவேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. அவள் கால் வைக்கவில்லை.

"அம்மா, உள்ளுக்கு வரலாமோ?"

"துவக்கோட ஏலாது பிள்ளை."

"ஓம் அம்மா. இதை வீட்டை கொண்டுபோய்ப் பூட்டி வைச்சிட்டு வாறன்."

முகம் சுளிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் திரும்பி வரும்வரை ஒருவருக்கும் நான் சாப்பாடு போடவில்லை. கணவர் முறைத்தார். முறைக்கட்டும். ஐம்பது வயதாகிறது எனக்கு. துவக்கு வைத்திருந்த ஒருவர் என் வாசலில் நின்று உள்ளே வரலாமோ என்று கேட்டதும், ஏலாது என்றதும் திரும்பிப் போனதும் அன்றுதான். அவளைப் பெற்றவள் நான்.